பிராய்லர் கோழிக்குக் குடல்புழு மருந்து வீட்லயே அரைக்கிறது எப்படி

மருந்து அரைக்கிறதுக்கு முன்னாடி எச்சத்தைப் பாருங்க. காலைல செட்டுக்குள்ள போனதும் புதுசா விழுந்ததை ஒரு குச்சியால கிளறிப் பாத்தா சேமியா மாதிரி வெள்ளையா நீளமா கிடந்தா உருண்டைப்புழு, குருணை அரிசி மாதிரி துண்டு துண்டா ஒட்டியிருந்தா நாடாப்புழு. ரத்தமா போகுதுன்னா அது புழுவே இல்லங்க, ரத்தக்கழிச்சல், அதுக்கு வேப்பிலை அரைச்சுட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க. என் முதல் பேட்ச்ல நான் ரெண்டு நாள் கஷாயம் ஊத்திட்டு இருந்து காலைல காலைல செத்த குஞ்சைப் பொறுக்குனவன்.

40 நாள்ல விக்கிற கோழிக்குப் புழு தொல்லை கம்மிதான், ஏன்னா உருண்டைப்புழு முட்டை எச்சத்துல விழுந்து அடுத்த கோழிக்குத் தொத்துற பக்குவம் வரவே ரெண்டு மூணு வாரம், உள்ள போய் வளந்து முட்டை போட இன்னும் 5 முதல் 8 வாரம் ஆகும். பழைய லிட்டர்லயே, அதாவது தரையில பரப்புற நார்க்கழிவை மாத்தாமலேயே, அடுத்த பேட்ச் இறக்குறவங்க, நாட்டுக்கோழியையும் கூடவே விட்டு வளக்குறவங்க, ரெண்டு மாசம் வரைக்கும் வச்சிருக்கறவங்க, இவங்களுக்குத்தான் இது வேணும்.

100 கோழிக்கு நான் போடுற அளவு: வேப்பிலை ஒரு கைப்பிடி, தும்பை ஒரு கைப்பிடி, பாகற்காய் ஒண்ணு, பூண்டு 10 பல்லு, சீரகம் 10 கிராம், மஞ்சத்தூள் ஒரு ஸ்பூன், நிழல்ல காயவச்சுப் பொடிச்ச பப்பாளி விதை ரெண்டு ஸ்பூன். எல்லாத்தையும் மிக்ஸில விழுதா அரைச்சு, கொஞ்சம் வெல்லம் கரைச்சு ஊத்தி, ஒரு கிலோ தீவனத்துல பிசிறி விடுங்க, கையில பிடிச்சா உதிரணும், களி மாதிரி ஆயிட்டா தட்டுலயே புளிச்சுப் போகும். ராத்திரி தீவனத் தட்டை எடுத்துட்டு விடியக்காலைல பசியோட இருக்கும்போது நாலஞ்சு தட்டுல பரப்பி வைங்க, இல்லன்னா பெரிய கோழியே எல்லாத்தையும் தின்னுட்டு நோஞ்சான் நிக்கும். தண்ணிய மட்டும் எப்பவும் நிறுத்தாதீங்க, வெயில் காலத்துல செத்துரும்.

14ம் நாள் ஒண்ணு, 28ம் நாள் ஒண்ணு போதும், தடுப்பூசி அன்னைக்கு வந்தா ரெண்டு நாள் தள்ளிக்கலாம். வேப்பிலை கூடிப்போச்சுன்னா கசப்புல தீவனம் எடுக்காது, எடை அடிவாங்கும். கொட்டைப்பாக்கு நாடாப்புழுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அளவு தப்புனா கோழியே சாயும், நான் தொடுறதில்ல.

நாடாப்புழுவை ஈ, வண்டு, எறும்புதான் கொண்டு வரும், அதனால மருந்தோட லிட்டரையும் பாருங்க. நார்க்கழிவை அள்ளி இறுக்கிப் பிடிச்சு கையைத் திறந்தா உதிரணும், உருண்டையா நின்னா ஈரம், கிளறி விட்டு, கோழி தண்ணி குடிக்கிற நிப்பிள் ஒழுகுற இடத்தைச் சரி பண்ணுங்க. விக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பூண்டை நிறுத்திருங்க, கறில வாடை அடிக்குதுன்னு கடைக்காரர் விலையக் கொறைப்பாரு.