மண்சரிவு வரைபடம்: வீட்டுக்கு மேலேயும் பாருங்கள்

சென்னை வியாசர்பாடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரைபடம் தயாரிக்கச் சொல்லித்தருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குத் தண்ணீர் நின்ற தெருக்களை அவர்கள் சரியாகக் குறித்துவிடுவார்கள். இங்கே ஒரு தெரு எவ்வளவு தாழ்வு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே பழக்கத்தோடு இலங்கை மலையகத்தின் மண்சரிவு வரைபடத்தில் கைவைத்தால் தப்பாகிவிடும். பழைய சரிவுகளைக் கணினிக்குக் காட்டி, இனி எங்கே மண் சரியலாம் என்று கணிக்கவைக்கும் வரைபடம் அது. அங்கே ஒரு வீட்டின் ஆபத்து, வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவில் இருக்கிறது.

பலரும் செய்யும் பெரிய தவறு, சரிந்த மண் முழுவதையும் ஒரே வட்டமாக வரைந்து கணினிக்குக் கொடுப்பது. மண் கிளம்பிய இடம் செங்குத்து; வந்து படிந்த இடம் கிட்டத்தட்டச் சமதளம். இரண்டையும் கலந்தால் சமதளத்திலும் மண் கிளம்பும் என்று கணினி கற்றுக்கொள்ளும். கிளம்பிய மேல்பகுதியை மட்டும் தனியாகக் குறியுங்கள்.

சரி, அப்படிச் செய்தால் வரைபடத்தில் அடிவாரம் பச்சையாக, அதாவது மண் கிளம்பாத இடமாகத் தெரியும். அதைப் பாதுகாப்பான இடம் என்று படித்துவிடுவது இன்னும் ஆபத்து. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மண்ணுக்குள் போனவை தொழிலாளர்களின் லயன் வீடுகள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். 2016 மே மாதம் கேகாலை மாவட்டம் அரநாயக்கவிலும் மலையில் கிளம்பிய மண் கீழே இருந்த ஊர்களை மூடியது. மண் ஓடி வரும் பாதைக்குத் தனி வரைபடம் கட்டாயம் வேண்டும். நம் மக்கள் குடியிருப்பது அந்தப் பாதையில்தான்.

பழைய சரிவுகளின் பட்டியலையும் அப்படியே நம்பாதீர்கள். சாலையை மறித்த சரிவு உடனே பதிவாகும், தேயிலைக் காட்டுக்குள் நடந்தது விட்டுப்போகும். பிறகு சாலையோரம்தான் ஆபத்து என்று வரைபடம் சொல்லும். செயற்கைக்கோள் படங்களில் தேடி, விட்டுப்போனவற்றைச் சேருங்கள்.

மழையை ஆண்டு மொத்தமாகப் போடுவதும் தவறு. தென்மேற்குப் பருவமழை தீவின் மேற்குச் சரிவுகளை நனைக்கும். நமக்குப் பழக்கமான வடகிழக்கு மழை பதுளைப் பக்கம் பெய்யும். பருவவாரியாகப் பிரித்துப் போடுங்கள். அப்புறம், இலங்கையின் பழைய தாள் வரைபடங்களின் ஆள்கூறுகள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) இன்றைய ஜிபிஎஸ் ஆள்கூறுகளோடு ஒத்துப்போகாது. மாற்றாமல் மேலே வைத்தால் சரிவு ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமும் நிற்கும்.

கடைசியாக, சோதனை. ஒரே சரிவிலிருந்து நிறையப் புள்ளிகள் எடுத்து, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே மாதிரிதானே இருக்கும்! கணினி பார்க்காத ஒரு பள்ளத்தாக்கை முழுவதுமாக ஒதுக்கி வைத்து, அதில் சோதியுங்கள். மதிப்பெண் குறைந்தால் அந்தக் குறைந்த எண்ணையே வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.