லா சலேத் மலைக்குப் போகிறீர்களா? கொஞ்சம் நிதானமாகப் போங்கள்

மாதா இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சி கொடுத்த இடம் என்று பெயர்பெற்ற, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற லா சலேத் திருத்தலத்துக்குப் போகிறவர்களில் பலர் காலையில் ஏறி, நாலு படம் எடுத்து, மதியமே இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போவதாக இருந்தால் போகாமலே இருக்கலாம். ஒரு ராத்திரியாவது மேலே தங்குங்கள், திருத்தலத்திலேயே தங்கும் விடுதி உண்டு.

வழி சுலபம்தான். கிரெனோபிளில் இருந்து லா மூர் வழியாகக் கோர் என்ற சிற்றூர், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் சுமார் 15 கி.மீ. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் என்பதால் கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். குளிர்காலத்தில் பனி, அதனால் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். செப்டம்பர் 19 திருநாள், கூட்டம் அதிகம்.

கோரில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். காட்சி கண்ட மெலனியும் மாக்சிமினும் இந்த ஊர்ப் பிள்ளைகள். 1846-இல் அவளுக்கு 14 வயது, அவனுக்கு 11. மாடு மேய்க்கத்தான் மலைக்குப் போனார்கள்.

மேலே போனதும் நேராகக் கோவிலுக்குள் நுழையாமல், முதலில் காட்சி நடந்த பள்ளத்துக்கு இறங்குங்கள். அங்கே மூன்று வெண்கலச் சிலைத் தொகுதிகள், வரிசை மாற்றாமல் பாருங்கள். முதலில் முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்து அழுகிற மாதா, அப்புறம் பிள்ளைகளோடு பேசுவது, கடைசியில் மேலே செல்வது. பக்கத்தில் இருக்கிற ஊற்றிலும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

நடுவில் இருக்கிற சிலையருகேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். மாதா பிரெஞ்சில் பேச ஆரம்பித்து உருளைக்கிழங்கு அழுகுவதைப் பற்றிச் சொன்னபோது, அந்தச் சொல் புரியாமல் மெலனி மாக்சிமினைத் திரும்பிப் பார்த்தாள், உடனே மாதா அவர்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டாள். கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றான் மாக்சிமின். கொய்ன் என்ற இடத்தில் கதிரைக் கையில் தேய்த்ததும் தூளாக உதிர்ந்ததையும், திரும்பி வரும்போது அப்பா ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, இந்த வருஷமாவது சாப்பிடு, அடுத்த வருஷம் யாருக்குக் கிடைக்குமோ என்று சொன்னதையும் மாதாதான் அவனுக்கு ஞாபகப்படுத்தினாள். மகன் சொல்லி இதைக் கேட்ட பிறகுதான் அந்த அப்பா மனம் மாறினார்.

மாதாவின் மார்பில் தொங்கும் சிலுவையைக் கிட்டப்போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் சுத்தியல், இன்னொரு பக்கம் குறடு. ஆணி அடிப்பதற்கு ஒன்று, பிடுங்குவதற்கு ஒன்று என்று விளக்குவார்கள். லா சலேத் சபைக் குருக்களின் அடையாளமும் இதே சிலுவைதான். கிரெனோபிள் ஆயர் பிலிபெர் த புருய்யார் 1851-இல் காட்சியை ஏற்றுக்கொண்டு, மறு வருஷமே கோவிலுக்கு அடிக்கல் நாட்டியதோடு இந்த மறைபரப்புக் குருக்களையும் ஏற்படுத்தினார். யாத்திரிகர்களைக் கவனிப்பது ஒரு வேலை, பங்குகளுக்குப் போய்ப் பிரசங்கிப்பது இன்னொன்று. முதல் ஆறு பேர் 1858-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஒப்புரவுதான் இவர்கள் சபையின் உயிர், ஆகவே பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இறங்காதீர்கள்.

மாதா அந்தப் பிள்ளைகளிடம் தனியாகச் சொன்னதாகப் பிற்காலத்தில் கிளம்பிய ‘ரகசியங்கள்’ பற்றிய புத்தகங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

இரவு மெழுகுதிரிப் பவனி முடிந்ததும் களைப்பாக இருக்கும். நீளமாகச் செபிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமுமாவது சொல்லுங்கள் என்றுதான் மாதாவே அந்தப் பிள்ளைகளிடம் கேட்டாள்.