டெயில்கேட்டிங் போகிறவர்களுக்கு: ஐஸ் மூட்டை வேண்டாம், தண்ணீர் பாட்டிலே போதும்

டெயில்கேட்டிங் என்றால் ஆட்டத்துக்கு முன் ஸ்டேடியம் பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்திலேயே கிரில் போட்டுச் சாப்பிட்டுக் கொண்டாடுவது. அதற்குப் போவதானால், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக உறையவிடுங்கள். கிளம்பும்போது அவற்றை ஐஸ் பெட்டியின் அடியிலும் ஓரங்களிலும் அடுக்கினால் போதும், காசு கொடுத்து ஐஸ் வாங்க வேண்டியதில்லை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதால், ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் கொட்டிவிட்டு மூடுங்கள்.

அமெரிக்காவில் என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக் போட்டி) ப்ரீ-சீசன் ஆட்டங்கள், அதாவது சீசனுக்கு முந்தைய ஆயத்த ஆட்டங்கள், பெரும்பாலும் ஆகஸ்டில் நடப்பவை. கொளுத்தும் வெயிலில் பார்க்கிங் தார்த்தரையில் சிறு ஐஸ் துண்டுகள் சீக்கிரம் கரைந்துவிடும். பாட்டிலில் இருப்பது ஒரே பெரிய கட்டி. எடைக்கு வெளிப்பரப்பு குறைவு, அதனால் மெதுவாகத்தான் உருகும். உருகிய நீரும் பாட்டிலுக்குள்ளேயே நிற்பதால் பன்னும் சாலடும் ஊறிப்போகாது. மதியம் அதையே குடிக்கலாம், எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

சூடாக இருக்கும் கேன்களை அவசரமாகக் குளிர்விக்க இது உதவாது. அதற்கு உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து அதில் அமிழ்த்துவதே வழி. கிரில்லுக்கான பச்சை இறைச்சி 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே அதைத் தனிப் பெட்டியில், பாட்டில்களுக்கு நடுவே புதைத்து வையுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால், வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஐஸ் பெட்டியை ஸ்டேடியத்துக்குள் விடமாட்டார்கள், காரிலேயே பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.