கப்பலடியில் சிலிக்கோன் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டலசும் பாசியும் சிப்பியும் கப்பலடியில் ஏறாமல் காக்கும் பூச்சுகளில் இரண்டு வகை பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று, தாமிர ஆக்சைடு போன்ற நஞ்சைக் கசியவிட்டபடி மெல்லத் தேய்ந்துபோவது. மற்றொன்று, நஞ்சு இல்லாத சிலிக்கோன் ரப்பர் பூச்சு. இது உயிரிகளைக் கொல்லாது, ஒட்டுவதையும் முழுதாகத் தடுக்காது. ஒட்டியதற்குப் பிடி கிடைக்காமல் செய்யும். நீரோட்டம் அதைக் கழற்றிவிடும். இந்த இரண்டாம் வகையைத் தாமிரப் பெயின்ட் மாதிரியே கையாள்வதால்தான் கோளாறுகள் வருகின்றன.

நின்றுகொண்டே இருக்கும் படகுக்கு இதைப் பூசுவது முதல் தவறு. பழைய சிலிக்கோன் பூச்சுகளுக்கு மணிக்கு 15 கடல் மைல் அளவுக்கு வேகம் தேவைப்பட்டது. பிந்தியவை சுமார் 10 கடல் மைலில் கழற்றிவிடுகின்றன. மாதக்கணக்கில் நங்கூரத்தில் கிடந்தால் எல்லாம் ஏறிவிடும். வேகமாக ஓடும் கப்பலிலும் நுண்பாசியின் வழுவழுப்பான படலம் தங்கும், அது பூச்சு கெட்டதற்கு அடையாளமல்ல. கடல்நீர் உள்ளே வரும் பெட்டி, அதன் கம்பி வலை போன்ற இடங்களில் நீரோட்டம் உராய்வதில்லை. அங்கே வேறு ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது தடிமன். தாமிரப் பெயின்ட் மெலிதானால் ஆயுள்தான் குறையும், சிலிக்கோன் மெலிதானால் வேலையே நடக்காது. மென்மையான ரப்பர் அடுக்கு தடிமனாக இருக்கும்போதுதான், மேலே ஒட்டிய கெட்டியான ஓடு ஓரத்திலிருந்து எளிதாக உரிந்து வரும். சுமார் 100 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால், வளரும் கொட்டலசின் ஓட்டு விளிம்பு ரப்பரைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள எபாக்சியை, அதாவது எஃகைத் துருவிலிருந்து காக்கும் அடிப்பூச்சை, பிடித்துவிடும். பிறகு எந்த வேகமும் உதவாது. ஈரத் தடிமனைக் கணக்கிட்டே அடியுங்கள்: கன அளவில் 70% திடப்பொருள் உள்ள பூச்சு காய்ந்தபின் 150 மைக்ரான் வர, ஈரமாக 150 ÷ 0.70, அதாவது 214 மைக்ரான் வேண்டும். தின்னர் ஊற்றினால் இந்தக் கணக்கு மாறும். அடிக்கும்போதே, ஈரப் பூச்சில் பதித்துத் தடிமன் பார்க்கும் பல் வைத்த சீப்பு அளவியால் பாருங்கள். வெல்டிங் வரிகளிலும் விளிம்புகளிலும்தான் பெரும்பாலும் குறையும்.

எபாக்சி மேல் சிலிக்கோன் நேரடியாக ஒட்டாது. இரண்டையும் பிடித்துவைக்க இணைப்புப் பூச்சு ஒன்று உண்டு. அதை எபாக்சி முற்றிலும் இறுகுவதற்குள், தயாரிப்பாளர் சொல்லும் மணிநேர இடைவெளியில் அடிக்க வேண்டும். ஒரு நாள் மழையால் அந்த நேரம் தவறினால், ‘பரவாயில்லை’ என்று மேலே அடிக்காதீர்கள்: பின்னர் தகடு தகடாக உரியும். அடியில் பழைய தாமிரப் பெயின்ட் இருந்தாலும் இதே கதிதான். அதைச் சுரண்டி எடுக்கவோ, உரிய அடைப்புப் பூச்சால் மூடவோ வேண்டும்.

எஃகை மணலடிப்பதற்கு (மணலை வேகமாக வீசித் தேய்ப்பதற்கு) முன்பே நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள்; மணலடிப்பு உப்பைத் தகட்டுக் குழிகளுக்குள் திணிக்கும். எபாக்சி அடிக்கும்போது எஃகின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாகவும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும் இருக்கட்டும். ஆனால் ஈரத்தால் இறுகும் சிலிக்கோனுக்குக் காற்று மிகவும் வறண்டிருப்பதும் ஆகாது. மேல்பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும்.

சிலிக்கோன் தூவல் பறந்து பக்கத்து எபாக்சியில் ஒரு துளி பட்டாலும், அங்கே அடுத்து அடிக்கும் பெயின்ட் விலகி விலகிக் குழிவிழும். பம்ப், ஹோஸ், ஸ்பிரே கன் எல்லாம் தனியாக இருக்கட்டும். மற்ற பெயின்ட் வேலைகளை முடித்துவிட்டு, சுற்றிலும் மூடி, சிலிக்கோனைக் கடைசியில் அடியுங்கள்.

கழுவும்போது கம்பித் தூரிகை, சுரண்டி இரண்டும் கூடாது. மென்மையான ஸ்பாஞ்சும் குறைந்த அழுத்தத் தண்ணீரும் போதும். நங்கூரச் சங்கிலி உரசிக் கிழித்த இடத்தைப் பழுதுபார்க்கையில், தளர்ந்த ஓரத்தை உறுதியான பகுதிவரை வெட்டியெடுங்கள். எஃகு தெரிந்தால் எபாக்சி, இணைப்புப் பூச்சு, சிலிக்கோன் என்ற வரிசையில் அடியுங்கள். சுற்றியுள்ள பழைய சிலிக்கோன் மேல் எபாக்சி வழியக் கூடாது, அங்கே அது ஒட்டாது. மேல்பூச்சு மட்டும், சுத்தமாகத் துடைத்த பழைய சிலிக்கோன் மேல் சற்று ஏறி நிற்கலாம்.