டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் விளையாட்டு: புதிதாக வரும் பெற்றோருக்கு

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் வீடு தேடும் நம்மவர்கள் பள்ளியின் தரத்தைப் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். விளையாட்டைப் பற்றிக் கேட்பதோ, 'இந்த ஆண்டு உங்கள் பிள்ளை வார்சிட்டி அணியில் (பள்ளியின் முதன்மை அணியில்) ஆட முடியாது' என்று பயிற்சியாளர் கைவிரித்த பிறகுதான். அவரிடம் வாதாடிப் பயனில்லை. மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை யூ.ஐ.எல். எனப்படும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் நடத்துகிறது; யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பது அதன் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அங்கமான இவ்வமைப்பு 1910-ஆம் ஆண்டு பள்ளி மாணவர்களின் விவாதப் போட்டிக்காகத் தோன்றியது. அதனால்தான் இன்றும் அமெரிக்கக் கால்பந்து, சாக்கர், டென்னிஸ், நீச்சல் ஆகியவற்றோடு விவாதம், கணிதம், எழுத்துக்கூட்டல், பேண்டு ஆகியவையும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. பள்ளி நிர்வாகிகள் அடங்கிய மன்றம் விதிகளை இயற்றுகிறது. மாநிலக் கல்வி ஆணையர் அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கிறார். கிரிக்கெட் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு வெளியிலுள்ள கிளப்புகளைத்தான் நாட வேண்டும்.

பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையின்படி 1ஏ முதல் 6ஏ வரை பிரித்திருக்கிறார்கள். 6ஏ என்பவை மிகப் பெரிய பள்ளிகள். இந்தப் பிரிவினை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு பிரிவிலும் அருகருகே உள்ள சில பள்ளிகள் சேர்ந்த குழுவை 'டிஸ்டிரிக்ட்' என்பார்கள். பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்டிரிக்ட் வேறு, இது வேறு. முதலாண்டில் எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வரும். பிரிவைப் பார்த்து வீடு வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் 6ஏ பள்ளியில் கூடைப்பந்து அணியில் இடம் பிடிப்பதும் சிறிய பள்ளியில் பிடிப்பதும் ஒன்றாகாது.

நம் குடும்பங்கள் அதிகம் சிக்குவது முகவரி விதியில். வந்தவுடன் ஓர் அபார்ட்மென்ட், ஓராண்டு கழித்து வேறோர் ஊரில் சொந்த வீடு என்பது நம் வழக்கம். வார்சிட்டியில் ஆடப் பெற்றோர் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வசிக்க வேண்டும் என்பதே பொது விதி. குடும்பம் முழுவதும் உண்மையாகவே இடம்பெயர்ந்திருந்தால் பொதுவாகச் சிக்கல் வராது. விளையாட்டுக்காகவே பள்ளி மாறியதாகத் தெரிந்தால் குறைந்தது ஓராண்டு வார்சிட்டியில் ஆட முடியாது. முந்தைய பள்ளியின் அணியில் ஆடிய மாணவர், 'முந்தைய விளையாட்டுப் பங்கேற்பு' பற்றிய படிவத்தை நிரப்ப வேண்டும். பழைய பள்ளியிடமும் கருத்துக் கேட்பார்கள். சந்தேகம் எழுந்தால் விசாரிப்பது அந்த டிஸ்டிரிக்ட்டின் நிர்வாகக் குழு. அதில் அமர்பவர்கள் உங்கள் பிள்ளையின் பள்ளியோடு மோதும் பள்ளிகளின் பிரதிநிதிகளும்தான்! போட்டியாளரே நீதிபதியாவது முதலில் விசித்திரமாகத் தோன்றும்; அக்கம்பக்கத்து நிலவரத்தை அவர்களைவிட நன்கறிந்தவர்களும் இல்லை. மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார்; கூடவே கூடாது. தகுதியற்ற மாணவர் ஆடிய ஆட்டங்களை முழு அணியும் இழக்க நேரிடும்.

அடுத்தது மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இங்கே 70 என்பது புதிது. ஒரு மதிப்பீட்டுக் காலத்தின் முடிவில் ஏதேனும் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், 'நோ பாஸ், நோ ப்ளே' எனப்படும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது, பயிற்சிக்குப் போகலாம். மூன்று வாரத்தில் எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தால் அனுமதி திரும்பக் கிடைக்கும். ஏபி (கல்லூரித் தரத்திலான பாடங்கள்) போன்ற சில உயர்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. எவை என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து கிரெடிட் (பாடங்களில் தேறினால் கிடைக்கும் புள்ளி) வேண்டும் என்பது போன்ற கணக்கும் இருப்பதால், ஊரிலிருந்து வரும்போது ஒன்பதாம் வகுப்பின் மதிப்பெண் பட்டியலைப் பள்ளி முத்திரையுடன் கையோடு கொண்டுவருவது நல்லது. அது வரும்வரை பிள்ளை காத்திருக்க நேரலாம்.

பிள்ளை ஆங்கிலத்தில் பழகட்டும் என்று ஒரு வகுப்பு கீழே சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள்தான் வார்சிட்டியில் ஆடலாம். அதே வகுப்பை மீண்டும் படித்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். செப்டம்பர் 1 அன்று வயது 19-ஐ எட்டியிருக்கவும் கூடாது.

நாட்காட்டியும் ஏமாற்றிவிடும். வகுப்புகள் ஆகஸ்ட் நடுவில் தொடங்குகின்றன என்றாலும் வாலிபால், அமெரிக்கக் கால்பந்து அணிகளின் பயிற்சி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். அதற்கு முன் மாநிலத்தின் படிவத்தில் மருத்துவப் பரிசோதனை முடித்துக் கையொப்பம் வாங்க வேண்டும். தலையில் அடிபடுவது, திடீரென இதயத் துடிப்பு நின்றுபோவது ஆகியவை குறித்த படிவங்களிலும் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். டெக்சஸில் விளையாட்டு பாடவேளைக்குள்ளேயே 'அத்லெடிக்ஸ்' வகுப்பாக வருவதால், வசந்த காலத்தில் பாடங்களைத் தேர்வு செய்யும்போதே அதையும் கேட்டிருக்க வேண்டும். தாமதமாக வந்தவர்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தை விசாரித்துப் பார்க்கலாம். பல பள்ளிகளில் அந்த அணியில் ஆட்களை வடிகட்டுவதில்லை. வார்சிட்டி கிடைக்காத மாணவருக்கும் அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஜூனியர் வார்சிட்டி அணியில் பெரும்பாலும் வழி இருக்கிறது, ஏனெனில் முகவரி விதியின் கடுமை வார்சிட்டிக்குத்தான்.