மாயா பாடம் நடத்தும்போது 400-ஐயும் 360-ஐயும் கலக்காதீர்கள்

இங்கிலாந்தின் பாடத்திட்டப்படி, 7 முதல் 11 வயதுக்குள் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஒரு நாகரிகத்தைப் படிக்க வேண்டும். கி.பி. 900-ஐ ஒட்டிய பாக்தாத், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், மெக்சிகோ-குவாத்தமாலா பகுதியின் மாயா என்று மூன்று கொடுத்திருக்கிறார்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் மாயா. பிரமிடு, சாக்லேட், பந்தாட்டம் என்று எல்லாம் இருப்பதால் கணக்கு, வரலாறு, ஓவியம், சமையல் அத்தனையையும் ஒரே தலைப்பில் கோத்துவிடலாம். கோளாறும் அந்தக் கோக்கிற இடத்தில்தான் வருகிறது. புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். பல நானே சறுக்கிய இடங்கள். எகிப்தையும் மாயாவையும் குழப்பக் கூடாது என்பது போன்றவை சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே குறி, இரண்டு மதிப்பு

மாயா எண்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, கிளிஞ்சல் பூஜ்யம். பீன்ஸ் விதை, ஐஸ் குச்சி, கிளிஞ்சல் வடிவப் பாஸ்தா இருந்தால் போதும். மூன்று கோடு, நான்கு புள்ளி போட்டால் 19. இருபதுக்கு நான்கு கோடு போடுவார்கள், கூடாது. எண்ணைக் கீழிருந்து மேலாகத் தட்டுத் தட்டாக அடுக்க வேண்டும்: கீழே கிளிஞ்சல், அதற்கு மேல் தட்டில் ஒரு புள்ளி. இதை ஒரே வகுப்பில் திருத்திவிடலாம்.

வம்பு மூன்றாவது தட்டில் ஆரம்பிக்கிறது. பொருள்களை எண்ணும்போது ஒவ்வொரு தட்டும் இருபது மடங்கு: 1, 20, 400, 8000. கோக்கோ விதை வியாபாரத்தில் இப்படித்தான் எண்ணினார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டின் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தே லாந்தா எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கல்வெட்டுகளில் தேதி குறிக்கும் நீண்ட நாட்கணக்கில் ஒரு தட்டு மட்டும் வேறு. கீழே ஒரு நாள், அதற்கு மேல் 20 நாள். அடுத்தது இருபது மடங்கு இல்லை, பதினெட்டு மடங்கு: 360 நாள், ஏறக்குறைய ஓர் ஆண்டு. அதற்கு மேல் 7,200, பிறகு 1,44,000. புள்ளியும் கோடும் கிளிஞ்சலும் மட்டும் அதேதான்.

இப்போது ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பில் மூன்றாவது தட்டு 400. வியாழக்கிழமை வரலாற்று வகுப்பில் பலேங்கே நகரத்து மன்னர் பக்காலின் பிறந்த தேதி: 9.8.9.13.0 (இடது ஓரம் உச்சித் தட்டு, வலது ஓரம் அடித் தட்டு). பன்னிரண்டு வயதில் அரியணை ஏறியவர் என்பதால் அவரைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். தேதியை நாளாக மாற்றச் சொல்கிறோம். சரியாகப் போட்டால் 12,96,000 + 57,600 + 3,240 + 260 + 0, மொத்தம் 13,57,100 நாள். கி.மு. 3114 ஆகஸ்டில் தொடங்கும் கணக்கு, ஆகவே கி.பி. 603 மார்ச்சில் வந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை படித்ததை அப்படியே நம்பிய பிள்ளை 1,60,000, 8,000, 400 என்று பெருக்கும், 15,07,860 வரும். வித்தியாசம் ஒன்றரை லட்சம் நாள், கிட்டத்தட்ட 413 ஆண்டு. பக்கால் 683-இல் இறந்தார். இந்தக் கணக்குப்படி 1016 வாக்கில்தான் பிறக்கிறார்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தத் தப்பான விடை இல்லை. பக்கத்து வகுப்பில் ஒரு பெண் கை தூக்கி, "மிஸ், முந்தாநாள் 400 என்று சொன்னீர்களே?" என்று கேட்டாள். புது ஆசிரியர், "காலண்டர்ல கொஞ்சம் வேற மாதிரிம்மா, எழுதிக்கோ" என்று நகர்ந்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் அந்த வகுப்பில் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான். ஏன் 18 என்று கேட்டிருந்தால் ஆண்டு, சூரியன் என்று பேச்சு எங்கேயோ போயிருக்கும். பள்ளி காசு கொடுத்து வாங்கிய பாடத்தொகுப்பில் இரண்டு எண்முறைகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சாகியிருந்தன, இடையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல். அப்புறம் அந்த ஆசிரியரை மட்டும் என்ன சொல்வது.

செய்ய வேண்டியது இது. பொருள் எண்ணும் தாளும் தேதித் தாளும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். ஓரத்தில் தட்டின் மதிப்பை ஒவ்வொரு முறையும் எழுத வையுங்கள், சோம்பல் படாமல். தேதியில் கீழிருந்து இரண்டாவது தட்டு 17-ஐத் தாண்டாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்; தப்புக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு கருவி கிடைத்த மாதிரி. ஏழெட்டு வயது வகுப்பு என்றால் மூன்றாவது தட்டே வேண்டாம். 19-க்கு மேல் 19 போட்டால் 399, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். காலண்டர் வேண்டுமென்றால் சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடு இருக்கிறது: நான்கு பக்கமும் 91 படி, உச்சி மேடை ஒன்று, கூட்டினால் 365.

ஏ முதல் இசட் வரை மாயா எழுத்து

அப்படி ஒரு வரிசையே கிடையாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சித்திரம் போட்ட தாள் கிடைத்தால் குப்பையில் போடுங்கள். இந்தக் குழப்பத்தைத் தொடங்கி வைத்தவரும் லாந்தாதான். 1562-இல் மானி ஊரில் மாயாச் சுவடிகளை எரித்த அதே ஆள், ஸ்பானிய எழுத்துகளைச் சொல்லி, மாயா எழுத்தரை அவற்றுக்கு நேரான குறிகளை எழுதச் சொன்னார். அவரோ காதில் விழுந்த அசையை எழுதிக்கொடுத்தார். அவை அசைக் குறிகள் என்று 1952-இல் எடுத்துக் காட்டியவர் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவ்.

ப, க, ல என்று மூன்று குறி எழுதி, கடைசி உயிரை விழுங்கிப் படித்தால் பக்கல், அதே மன்னர்தான். வீட்டில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது கால் மணி நேர வேலை, க கா கி கீ தெரிந்தவர்களுக்கு அசை எழுத்து புதிதில்லை. மற்றவர்களுக்குத்தான் கை தட்டித் தட்டி அசை பிரிக்க வேண்டியிருக்கும். ஆளுக்கொரு பெயர் எழுத வைக்கும்போது ஒரு சிக்கல்: கல்வெட்டு மாயாவில் ர ஒலி இல்லை. ரவி, லவி ஆகிவிடுவான். விடுங்கள், சிரித்துக்கொண்டே எழுதுவான்.

சூரியக் கல்

மாயா காலண்டர் என்று வகுப்பில் மாட்டிவைக்கிற அந்த வட்டக் கல்லின் படம். கல் 1790-இல் மெக்சிகோ நகரத்தில் கிடைத்தது. அஸ்டெக்குகளுடையது. சுவரிலிருந்து கழற்றுங்கள்.

'மாயமாக மறைந்த மாயாக்கள்'

தலைப்பு அழகாக இருக்கிறது என்று எல்லோரும் போடுகிறார்கள். தெற்குத் தாழ்நில நகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் காலியானது உண்மை. நீண்ட நாட்கணக்கில் கடைசியாக அறியப்பட்ட தேதி தொனினாவில், கி.பி. 909. ஆனால் வடக்கே சிச்சென் இட்சா அதற்குப் பிறகும் செழித்தது, ஏரித்தீவு நகரமான நோஹ்பெத்தேன் ஸ்பானியர்களிடம் விழுந்தது 1697-இல். இன்றும் குவாத்தமாலா, மெக்சிகோ, பெலீசில் லட்சக்கணக்கானவர்கள் மாயா மொழிகள் பேசுகிறார்கள். 1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சு கிச்சே மாயாப் பெண். பாடத்தை அவர் படத்திலிருந்து ஆரம்பியுங்கள், இடிபாடுகள் இரண்டாவது வகுப்பில் வரட்டும்.

நரபலி

பத்து வயதுக்கு மேல் ஒரு வகுப்பு. அதற்குக் கீழே வேண்டாம்.

சாக்லேட்

கடையில் வாங்கிய இனிப்புச் சாக்லேட் பானத்தைக் கொடுத்து மாயா பானம் என்று சொல்லாதீர்கள். சர்க்கரை இல்லாத கோக்கோத் தூள், வெந்நீர், கொஞ்சம் மக்காச்சோள மாவு, துளி மிளகாய். முக்கியம் நுரை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள ஒரு மாயாக் குவளையில், ஒரு பெண் உயரத்திலிருந்து பானத்தை இன்னொரு குவளைக்கு ஊற்றுகிற ஓவியம் இருக்கிறது. நம் ஊர் டீக்கடையில் ஆற்றுகிற மாதிரியேதான். படத்தைக் காட்டிவிட்டு நீங்களே ஆற்றிக் காட்டுங்கள், பிள்ளைகள் கையில் வெந்நீர் வேண்டாம். ஒவ்வாமைப் படிவம் முந்தின வாரமே வந்திருக்க வேண்டும். ஆறியபின் ஆளுக்கு ஒரு வாய். பாதிப் பேர் துப்புவார்கள், டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை வெளியே எடுங்கள். கரும்பு ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது என்று சொல்ல அதுதான் நேரம்.