530/30 என்றால் என்ன? வடிகட்டி மாட்டும் முன்

செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அவை தரும் ஒளியை அளக்கும் கருவியான ஃபுளோ சைட்டோமீட்டரின் மூடியைத் திறக்கும் முன் லேசரை நிறுத்துங்கள், பிள்ளைகளே. கண்டிக்கு வந்து எங்கள் ஆய்வுகூடத்தில் சேரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒளி வடிகட்டியின் விளிம்பில் 530/30 என்றிருந்தால், முதல் எண் நடு அலைநீளம். அடுத்தது முழு அகலம். பலர் நினைப்பதுபோல் இருபுறமும் 30 அல்ல. 515 முதல் 545 நானோமீட்டர் வரையிலான ஒளியே கடக்கும். 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டு எஃப்ஐடிசி (FITC) என்ற ஒளிரும் சாயம் உமிழும் பச்சைக்கு அது பொருத்தம். பிஇ (PE) என்ற இன்னொரு ஒளிரும் சாயத்துக்கு 585/42.

வடிகட்டிக்கு முன்னால் சாய்ந்து நிற்பது டைகுரோயிக் ஆடி. தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடைபோல அது ஒளியைத் தரம் பிரிக்கிறது: ஒரு பகுதியைக் கடக்கவிட்டு மறுபகுதியைத் திருப்பிவிடும். ஆடி தவறினால் பின்னால் எந்த வடிகட்டி போட்டும் பயனில்லை.

வடிகட்டிக்குப் பின்னால் ஒளியை அளக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு நிறம் தெரியாது; விழும் ஒளியை மின்னோட்டமாக்கும், அவ்வளவுதான். எஃப்ஐடிசி ஒளியின் வால் பிஇ வழியில் கசிந்தால் அதையும் எண்ணிவிடும். மின்னழுத்தத்தைக் குறைத்து அதை மறைக்கப் பார்க்காதீர்கள். ஒரே சாயம் மட்டும் இட்ட மாதிரிகளை ஓட்டி, கசிவு எவ்வளவு என்று கண்டு, அதைக் கழித்து ஈடுசெய்யுங்கள்.

மிஞ்சிய வடிகட்டிகளைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடி வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும்.